மூன்றாவது ஓலை

உக்காருங்க தம்பி. இங்கேயே உக்காருங்க. முன்னாடி போகாதீங்க. முன்னாடியெல்லாம் குடும்பம் குடும்பமா இடம் பிடிச்சு வச்சிருக்காங்க. நீங்க போய் உக்காந்தா வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆராதனை முடியிற வரைக்கும் உங்க பிடரியையே பாத்துக்கிட்டிருப்பாங்க. இந்தக் கடைசி பெஞ்சு யாருக்கும் வேண்டாத பெஞ்சு. தூண் மறைக்கும். எனக்கு அதுதான் சௌகரியம்.

கோயிலைப் பாக்க வந்தீங்களா? கழுத்துல கேமரா தொங்கறப்பவே நெனச்சேன். பாருங்க, நல்லாப் பாருங்க. மணி அடிச்சிட்டா படம் எடுக்கக் கூடாது, அதுக்குள்ள எடுத்துக்கங்க. எங்கிருந்து வர்றீங்க? ஈரோடா? அப்பா அம்மா இருக்காங்களா? அப்பா மட்டுமா. யாரு பாத்துக்கறாங்க அவரை? தங்கச்சியா. தங்கச்சிக்குக் கல்யாணம்... ஆகலையா. நல்லது நல்லது. அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். ஆண்டவர் ஆளைப் பாத்துத்தான் அனுப்பியிருக்காரு.

அண்ணாந்து பாருங்க. அந்த உத்தரம் பூரா தேக்கு. வெள்ளைக்காரன் காலத்துல மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தது. கல்லு இந்த மலைக் கல்லுதான், வெளியிலிருந்து வரல. செவுரு எத்தனை கனம்னு அந்த ஜன்னல்ல கையை விட்டுப் பாருங்க, முழங்கை வரைக்கும் போகும். அதான் இந்தக் குளிர். மே மாசத்துலகூட உள்ள சில்லுன்னுதான் இருக்கும். எனக்கு இது ஆகாது, காலு மரத்துப் போயிடும். ஆனா வீட்டுல உக்காந்திருக்க முடியுமா, இன்னைக்கு?

இன்னைக்கு மட்டும் முடியாது தம்பி.

இருங்க, சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் செவுத்துல ஒரு வெள்ளைக் கல்லு பதிச்சிருக்கு பாருங்க, விளக்குக்குக் கீழ. போய்ப் படிச்சிட்டு வாங்க. நான் வர முடியாது, போய்ட்டு வாங்க.

படிச்சீங்களா? கார்ஸ்டன்னு ஒரு தொரை. மேல இருக்கிற எஸ்டேட்டெல்லாம் அந்தாளு வெட்டித் திருத்தினது. பொண்டாட்டி காய்ச்சல்ல போயிட்டா. ஒரே மக. அந்த மக கல்யாணமே பண்ணிக்கல, சீமைக்கும் திரும்பிப் போகல, அப்பன் சாகிற வரைக்கும் கூடவே இருந்து பாத்திருக்கா. கடைசி வரியில என்ன போட்டிருக்கு? 'இதை வைத்தவர் அவருடைய அன்பு மகள்.' பாத்தீங்களா? மகள். அவ்வளவுதான். அவ பேருகூடப் போட்டுக்கல. எப்பேர்ப்பட்ட மனசு! இந்தக் கோயில்ல எத்தனையோ கல்லு இருக்கு, பட்டாளத்துக்காரன், கலெக்டர், ஜட்ஜு. எனக்கு அந்தக் கல்லுதான் கல்லு.

என் மக எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சப்ப அங்கதான் தூக்கிப் பிடிச்சுப் படிக்க வைப்பேன். கடகடன்னு படிப்பா. ஒரு நாள் கேட்டா, அந்தம்மா பேரு என்னப்பான்னு. கல்லுல இருக்கான்னேன். இல்லைன்னா. அப்ப விடுன்னேன். விடல பாத்துக்கங்க. ஆராதனை முடிஞ்சு ஆளைக் காணோம்னு தேடினா, பின்னாடி கல்லறைத் தோட்டத்துல மழையில நனைஞ்சுக்கிட்டு ஒவ்வொரு கல்லாத் தேய்ச்சுப் பாத்துக்கிட்டிருக்கா. கையெல்லாம் முள்ளு கீறியிருக்கு. தொரை கல்லறை இருக்கு, அந்தம்மா கல்லறை எங்கயும் இல்லப்பாங்கறா. போட்டேன் முதுகுல ஒண்ணு. காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது?

பேரா? என் மக பேரா? பாப்பான்னுதான் கூப்பிடுவேன். நாப்பதைத் தொடப் போறா, இன்னும் எனக்குப் பாப்பாதான். பேரு சொல்லிக் கூப்பிட்டதா ஞாபகமே இல்ல.

நான் டீமேக்கர் தம்பி. ரிட்டயர் ஆயாச்சு. டீமேக்கர்னா டீக்கடை மாஸ்டர் இல்ல. ஃபேக்டரிக்கே நாந்தான் பொறுப்பு. இலை எப்ப வாடி முடிஞ்சது, எப்ப புளிச்சுப் பதத்துக்கு வந்திச்சு, எல்லாம் இந்த மூக்குதான் சொல்லும். மேனேஜரே என்னைக் கேட்டுட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கச் சொல்வாரு. அரோன் தங்கசாமின்னு கேட்டுப் பாருங்க, இந்த மலையில தெரியாத ஆளு கிடையாது. அப்படி இருந்த மனுசன் இப்ப பாருங்க. இடது காலு. செருப்பைப் பாத்தாலே தெரியும், ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. சர்க்கரை. இன்னும் ஆறல. காலையில எழுந்ததும் பாப்பா வெந்நீர் வச்சுக் கழுவுவா, பஞ்சு வச்சு ஒத்தி எடுப்பா, மருந்து போடறப்ப ஊதுவா. மருந்து எரியுமேன்னு. எனக்கு அங்க உணர்ச்சியே இல்ல, ஊதினாலும் தெரியாது. ஆனாலும் ஊதுவா. அதைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

அதை யாரு தம்பி பண்ணுவாங்க எனக்கு? சொல்லுங்க. நர்சு வச்சுக்கலாம்னு ஆயர் சொல்றாரு. ஆயர்னா பாதிரியார், புதுசா வந்திருக்காரு, சின்னப் பையன். நர்சு ஊதுவாளா?

உக்காந்தா எழுந்திரிக்க முடியாது எனக்கு. ஒரு ஆள் வேணும். கம்பைக் குடுத்தாலும் முடியாது. அவ வந்து அக்குளுக்கு அடியில கையைக் குடுத்து, 'ம், அப்பா'ம்பா. நான் எழுந்திருவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்திரிக்கிறோம்னு நீங்க யோசிச்சிருக்க மாட்டீங்க. யோசிக்க வேண்டாம், உங்களுக்குக் காலு இருக்கு.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்க சபையில கல்யாணம்னா அதுக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது ஏதாவது தடை தெரிஞ்சா இப்பவே சொல்லுங்கன்னு ஆயர் கேப்பாரு. மூணு தடவை கேட்டு யாரும் வாயைத் திறக்கலைன்னா அவ்வளவுதான், தாலி கட்ட வேண்டியதுதான். என் மகளுக்கு ரெண்டு ஓலை ஆயாச்சு. இன்னைக்கு மூணாவது.

மாப்பிள்ளை யாருன்னு கேளுங்க. கீழ பஜார்ல பேக்கரி வச்சிருக்கான். ஜெயசீலன்னு பேரு. பொண்டாட்டி செத்துப் போனவன். தலையில பாதி நரை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மாவு பிசையறவன். டீமேக்கர் மகளுக்கு இவன் மாப்பிள்ளை! கிளியை வளத்து பூனை கையில குடுக்கச் சொல்றாங்க.

எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்றேன். போன வருசம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல கோயமுத்தூருக்குக் கூட்டத்துக்குப் போனாங்க. நானும் போய்ட்டு வர்றேம்பான்னா. போன்னேன். நான் என்ன கொடுமைக்காரனா? எல்லாம் ஆக்கி வச்சிட்டு, பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிட்டுத்தான் போனா. ராத்திரி ஒண்ணுமில்ல. விடிஞ்சு பாத்ரூமுக்குப் போனவன் வழுக்கி விழுந்துட்டேன். எழுந்திரிக்க முடியல. கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரன் டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். தரை ஐஸ் மாதிரி இருக்கு. குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. அந்தக் குழாயையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன் தம்பி. அழுதேன். பொய் சொல்லல, வாய் விட்டு அழுதேன். இப்படியே கிடந்து செத்தா எத்தனை நாள் கழிச்சுக் கதவை உடைப்பாங்கன்னு நெனச்சேன்.

அப்ப இந்த ஜெயசீலன் வந்தான். சனிக்கிழமை சனிக்கிழமை ரொட்டி போடுறவன், அன்னைக்கும் வந்திருக்கான். கதவைத் தட்டியிருக்கான், சத்தம் கேட்டிருக்கு, பின்பக்கமா ஏறிக் குதிச்சு வந்து என்னைத் தூக்கினான். உடம்பைத் துடைச்சு, துணி மாத்தி, சுடச்சுட பால் காய்ச்சிக் குடுத்தான். அவ வர்ற வரைக்கும் கடையைப் பூட்டிட்டு எங்கூடவே இருந்தான். இல்லைன்னு சொல்லலையே. ஆனா அவனுக்கு என் வீட்டுல என்ன வேலை? ரொட்டியை வச்சமா, போனமான்னு இருக்கணுமா இல்லையா? அவ திரும்பி வந்து அவனைப் பாத்துக் கை கூப்பினா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

அப்புறம் மூக்கு சொல்லிருச்சு. மருந்து வாங்கப் போய்ட்டு வருவா, அவ மேல ஈஸ்ட் வாசனை. மீன் வாங்கப் போய்ட்டு வருவா, ஈஸ்ட் வாசனை. எங்கிட்டயா மறைக்கிறது? ஒரு நாள் கேட்டேன், பேக்கரிக்குப் போனியான்னு. ஆமாப்பா, பேசிக்கிட்டிருந்தேன்னா. அப்படியே, மூஞ்சிக்கு நேரா. பயமே இல்லாம. அவ அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல.

இல்ல இல்ல, நான் யாரையும் கட்டிப் போட்டு வைக்கல. அப்படிப் பாக்காதீங்க. அவ அம்மா போனப்ப இவ காலேஜ்ல ரெண்டாவது வருசம். படிப்பை நிறுத்திட்டா. நானா நிறுத்தச் சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லல. ஒரு நாள் சாப்பிடாம இருந்தேன், அவ்வளவுதான். ஹோட்டல் சாப்பாடு இறங்கல எனக்கு. அவளாத்தான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா.

அப்புறம் ஒரு வாத்தியார் பையன் வந்தான். நல்ல வரன்தான். நானே பேசி, நானே சரின்னு சொல்லி, முதல் ஓலையும் வாசிச்சாச்சு. அந்த வாரம் பூரா எனக்குத் தூக்கமில்ல. அப்ப காலு நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா வீடு எப்படி இருக்கும்னு ஒரே யோசனை. ரெண்டாவது ஓலை வாசிக்கறப்ப எழுந்து நின்னேன். பையன் குடும்பத்துல வலிப்பு இருக்கு, தடைன்னு சொன்னேன். கோயிலே அதிர்ந்து போச்சு. என் குரல் அப்படி, ஃபேக்டரியில மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகின குரலு. கல்யாணம் நின்னு போச்சு. பின்னாடி விசாரிச்சதுல வலிப்பெல்லாம் ஒண்ணும் இல்லைன்னாங்க. சரி, இல்லைன்னா சந்தோசம். இருந்திருந்தா? ஒரு தகப்பன் முன்ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா?

அவ என்ன சொன்னாளா? அன்னைக்கு மத்தியானம் எனக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வச்சா. தங்கமான புள்ள தம்பி. அதான் சொல்றேன், அவளை நான் விட முடியாது.

இந்தத் தடவை முதல் ஓலை எனக்குத் தெரியவே தெரியாது. காலு வலின்னு வீட்டுல இருந்துட்டேன். ஆராதனை முடிஞ்சு நாலு பேரு வீட்டுக்கு வந்து கையைப் பிடிச்சு, வாழ்த்துகள் டீமேக்கரய்யாங்கறாங்க. எனக்குத் தலை சுத்திருச்சு. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். எதிர்ல வந்து உக்காந்தா. அழல. 'அப்பா, மூணு வாரம் என் பேரைக் கோயில்ல வாசிப்பாங்க. வந்து கேளுங்கப்பா'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு எழுந்து போய் வெந்நீர் வச்சா.

என்ன பேச்சு பாருங்க. வந்து கேளுங்கப்பாவாம்!

அந்த ஜெயசீலனும் வந்தான். மாமா, நீங்க எங்ககூட வந்துடுங்க, கடைக்குப் பின்னாடி கீழ் ரூமு, படியே கிடையாது, உங்களுக்காகத்தான் பூசி வச்சிருக்கேன், அடுப்பு பக்கத்துல, குளிரே தெரியாதுங்கறான். மருமகன் வீட்டுல போய்ச் சோத்துக்கு உக்காந்திருக்கிறதா? நான் யாரு? பஜார்ல போறவன் வர்றவன் எல்லாம் பாத்துட்டு, டீமேக்கர் பன்னு அடுக்கிட்டிருக்காருன்னு சொல்லணுமா? முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன், என் வீட்டு வாசலை மிதிக்காதேன்னு. அவன் கோவப்படல. போறப்ப என் செருப்பை எடுத்து எட்டற மாதிரி வச்சிட்டுப் போனான். நடிப்பு.

போன ஞாயிறு வந்தேன். இதே இடம். ஆயர் கேட்டாரு, தடை ஏதாச்சும் உண்டான்னு. எழுந்திரிக்கணும். முன் பெஞ்சைப் பிடிச்சு இழுத்தேன், பாதி எழுந்தேன், காலு வரல. வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரு அடுத்த அறிவிப்புக்குப் போயிட்டாரு, வாலிபர் கூட்டம் சாயங்காலம் இத்தனை மணிக்குன்னு. உக்காந்துட்டேன். முன்னாடியெல்லாம் அவ எம்பக்கத்துல உக்காருவா. இந்த மாசம்தான் மறுபடியும் கொயர்ல சேர்ந்து முன்னால போய்ப் பாடுறா. பக்கத்துல ஆளில்ல எனக்கு, யாரு தூக்குவா?

ஆயரைத் தனியாப் பாத்தும் சொன்னேன். என்ன தடைங்கய்யான்னு கேக்கறாரு. எனக்கு யாரும் இல்லைன்னேன். அது தடையாகாதுங்கய்யான்னு சிரிக்கிறாரு. சிரிக்கல, சும்மா சொல்லக் கூடாது. ஆனா அப்படித்தான் இருந்திச்சு. 'நீங்க முன்னாடி ஒரு தடவை தடை சொன்னதையும் கேள்விப்பட்டேன், இனிமே காரணம் இல்லாம எழுந்து நின்னா சபையில யாரும் நம்ப மாட்டாங்க'ன்னு வேற சொல்லிட்டாரு.

அதனாலதான் தம்பி. அதனாலதான் உங்களை உக்காரச் சொன்னேன்.

நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வெளியூரு. கேமரா, சட்டை, எல்லாம் பாக்க மரியாதையா இருக்கீங்க. ஆயர் கேக்கறப்ப நீங்க எழுந்து நில்லுங்க. 'தடை இருக்கு, மாப்பிள்ளைக்கு எங்க ஊர்ல ஒரு குடும்பம் இருக்கு'ன்னு ஒரே ஒரு வரி. சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. உங்களை யாருக்கும் தெரியாது. அவங்க விசாரிக்கட்டும், விசாரிச்சு ஒண்ணுமில்லைன்னு தெரியறதுக்குள்ள ஒரு மாசம் ஆயிடும். ஒரு மாசம் போதும் எனக்கு. இந்தப் புண்ணு கொஞ்சம் ஆறிடும். அப்புறம் பேசிப் பாக்கறேன் அவகிட்ட. எத்தனையோ தடவை பேசியிருக்கேன், கேப்பா.

முகத்தைத் திருப்பாதீங்க. தப்புன்னு எனக்கு மட்டும் தெரியாதா? கோயில்ல உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றேன், தெரியுது. உங்க காலையாவது பிடிக்கலாம்னா குனிய முடியல என்னால. உங்க அப்பாவை நெனச்சுப் பாருங்க. உங்க தங்கச்சி நாளைக்கு அவரை விட்டுட்டுப் போயிட்டா, நீங்க போய் வெந்நீர் வைப்பீங்களா? வைக்க மாட்டீங்க. கேமராவைத் தூக்கிட்டு மலையைப் பாக்கப் போயிடுவீங்க. கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க தம்பி, உக்காருங்க. வாய் தவறிருச்சு.

இந்தாங்க, இதுல பாதி சாப்பிடுங்க. பன்னுதான். சர்க்கரை இறங்கிட்டா மயக்கம் வரும்னு பாக்கெட்டுல வச்சுவிட்டிருக்கா. அவன் கடை பன்னு. நல்லாத்தான் போடுவான், அதைச் சொல்லித்தானே ஆகணும். கையில காசு இருக்கிறவன் கடை பன்னுலகூட இந்த ருசி வராது.

மணி அடிச்சிட்டாங்க. கேமராவை உள்ள வைங்க.

அந்தா, கொயர் வருது. தூணுக்கு இந்தப் பக்கமா சாஞ்சா தெரியும். ரெண்டாவது வரிசை, ஓரத்துல, வெள்ளைச் சேலை. அவதான். என்னைத்தான் தேடுறா. காலையில ஆட்டோவுல கொண்டாந்து இங்க உக்கார வச்சு, முதுகுக்குத் தலகாணி வச்சு, குளிருதாப்பான்னு கேட்டுட்டுத்தான் போனா. நான் எதுக்கு வந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. நான் வரக் கூடாதுன்னா சொல்லியிருக்கலாம், காலு சரியில்ல, வீட்டுல இருங்கன்னு. சொல்லல. அதுதான் எனக்குப் புரியல.

எழுந்திரிங்க, எல்லாரும் நிக்கிறாங்க. நான் உக்காந்தே பாடுவேன்.

பாட்டைக் கேளுங்க. கல்லுக் கட்டடத்துல குரல் எப்படிச் சுத்தி வருது பாத்தீங்களா? இத்தனை பேருல அவ குரல் எனக்குத் தனியாத் தெரியும். அவ அம்மா குரலு அது. வீட்டுல பாட மாட்டா. ஏன்னு கேட்டதில்ல நான்.

உக்காருங்க. இனி வாசிப்பு, அப்புறம் அறிவிப்பு. மெதுவாத்தான் பேசுறேன், முன்னால அந்தம்மா திரும்பிப் பாக்குது. பாக்கட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன.

நான் சொன்னது ஞாபகம் இருக்கா? எங்க ஊர்ல ஒரு குடும்பம் இருக்கு. அந்த ஒரு வரி.

ஆயர் கண்ணாடியைப் போட்டுட்டாரு. ஓலைதான். கேளுங்க, கேளுங்க.

'...இந்தச் சபையைச் சேர்ந்த திரு அரோன் தங்கசாமி அவர்களின் மகள், செல்வி லிடியா மணிமொழி...'

அவதான். அவ அம்மா வச்ச பேரு தம்பி. மணிமொழின்னு அவ அம்மா கூப்பிடுவா. எத்தனை காலமாச்சு, ஒருத்தர் வாயில கேட்டு. செவுத்துல பட்டுத் திரும்பி வருது பாருங்க, அந்தப் பேரு.

கேக்கறாரு. இப்பதான். எழுந்திரிங்க.

எழுந்திரிங்க தம்பி. தலையைக் குனியாதீங்க. என்னைப் பாருங்க. ஒரே வரி. உங்களுக்கு என்ன போகுது? ஏன் இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? தம்பி! பக்கத்தைத் திருப்பிடுவாரு தம்பி!

ஐயா! ஆயரய்யா! இருங்க! இங்க, கடைசி பெஞ்சு. தடை இருக்குங்கய்யா!

எல்லாரும் திரும்பறாங்க. கையைக் குடுங்க தம்பி. சொல்ல வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எழுப்பி மட்டும் விடுங்க. நானே சொல்லிக்கறேன். குடுக்க மாட்டீங்களா? ஒரு கை... பெஞ்சு வழுக்குது. காலு வர மாட்டேங்குது. இருங்கய்யா, வர்றேன், எழுந்துடறேன்...

யாரு அது, நடுவழியில வர்றது? வெள்ளைச் சேலை.

பாப்பா, நீ போ. போய் உன் இடத்துல நில்லு. எல்லாரும் பாக்கறாங்க. வேண்டாம்மா. கையை எடு, நீ பிடிக்காதே, நீ பிடிக்கக் கூடாது...

'எழுந்திருங்கப்பா. உக்காந்துக்கிட்டுச் சொன்னா ஆயருக்குக் கேக்காது. ம், அப்பா.'

கேட்டீங்களா தம்பி? அவதான் தூக்கறா. நான் தடை சொல்றதுக்கு அவதான் தூக்கி விடறா.

நின்னுட்டேன்.

ஐயா. தடை என்னன்னா... மாப்பிள்ளை வந்து... அவருக்குக் கீழ ஊர்ல... இல்லைங்கய்யா. அவரைப் பத்தி ஒண்ணுமில்ல. அவரு... அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு... எனக்குப் பயமா இருக்குங்கய்யா. ரொம்பப் பயமா இருக்கு. அது தடையில வருமா? உங்க புஸ்தகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அப்பனுக்குப் பயம்னு எங்கயாச்சும் போட்டிருக்கான்னு பாருங்கய்யா. அது மட்டும்தான் இருக்கு எங்கிட்ட.

என்னம்மா? சத்தமாச் சொல்லு.

'எனக்கும்தாம்பா பயமா இருக்கு'ங்கறா.

அவ்வளவுதான் சொன்னா. கையை எடுத்துட்டா. அந்தா, திரும்பி நடந்து போறா. மெதுவாத்தான் போறா. இடத்துக்குப் போயிட்டா.

ஆயர் பக்கத்தைத் திருப்பிட்டாரு. பாட்டு நம்பர் சொல்றாரு. எல்லாரும் எழுந்திரிக்கிறாங்க பாருங்க, சபை பூரா நிக்குது. நான் நிக்கிறது இப்ப யாருக்கும் தெரியாது. தனியா நிக்கிறேன் தம்பி. எதையும் பிடிக்காம. எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியல.

பாட்டு முடிஞ்சா எல்லாரும் உக்காந்துடுவாங்க. அப்ப என்னை உக்கார வைக்க ஒரு ஆள் வேணும். நீங்க ஈரோட்டுக்குச் சாயங்காலம் போய்க்கலாம். பாட்டு முடியட்டும். அது வரைக்கும் போயிடாதீங்க.